பக்கத்தை மூடிய பிறகும் அவள் படித்தாள்

மதிப்பிற்குரிய கல்வித் துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம். மலையடிவாரத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து எழுதுகிறேன். இல்லம் தேடிக் கல்வி என்ற அரசின் மாலை வகுப்புத் திட்டத்தில் தன்னார்வலராகச் சேர்ந்தவள் நான். அப்போது தொடங்கிய மாலை வகுப்பை மாரியம்மன் கோயில் திண்ணையில் இன்றும் நடத்திவருகிறேன். எங்கள் பள்ளியைப் பற்றி உங்களுக்குப் புதிதாகச் சொல்ல எதுவும் இல்லை. ஐந்து வகுப்பு, இரண்டு ஆசிரியர், ஊருக்கு நடுவில் ஓர் ஓடை. எல்லாம் உங்கள் கோப்பில் இருக்கும்.

சென்ற மாதம் ஓர் அலுவலர் ஆய்வுக்கு வந்தார். பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர் என்பதால் நானும் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். நான்காம் வகுப்புப் பிள்ளை ஒருத்தியை எழுப்பி, தமிழ்ப் புத்தகத்தைக் கொடுத்து, ஒரு பாடத்தைப் படிக்கச் சொன்னார். அவள் கணீரென்று படித்தாள். அவர் தலையில் தட்டிக்கொடுத்துவிட்டுக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். அடுத்த பள்ளிக்குக் கிளம்பிவிட்டார்.

அன்று சாயங்காலம் அதே பிள்ளை திண்ணையில் உட்கார்ந்து அதே பாடத்தைப் படித்தாள். விரல் இரண்டாம் வரியில் இருந்தது, வாய் நான்காம் வரியில் இருந்தது. எனக்குச் சந்தேகம் வந்து உள்ளங்கையால் பக்கத்தை மூடினேன். அவள் நிறுத்தவில்லை. கடைசி முற்றுப்புள்ளி வரைக்கும் ஒரு எழுத்துப் பிசகாமல் சொல்லி முடித்தாள்.

அப்புறம் கையை எடுத்துவிட்டு 'குளம்' என்ற சொல்லைத் தொட்டு, இது என்ன என்று கேட்டேன். பாடத்தில் நான்கு இடத்தில் வரும் சொல். அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு உதடு மட்டும் அசைய, பாடத்தை முதலிலிருந்து மனசுக்குள் சொல்லிக்கொண்டு வந்தாள், அந்த இடத்துக்கு வந்து சேர்ந்து என்ன சொல் என்று கண்டுபிடிக்க. பாதி வழியில் தவறிவிட்டது. மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினாள். என்னால் பார்க்க முடியவில்லை. போதும் கண்ணு, நாளைக்குப் படிக்கலாம் என்று சொல்லிவிட்டேன்.

ஒரு பாடம் முழுவதையும் காதால் கேட்டே மனப்பாடம் செய்திருக்கிற பிள்ளை அவள். கடைக்கு அனுப்பினால் 50 ரூபாய்க்கு மீதிச் சில்லறை எவ்வளவு என்று நின்ற இடத்தில் சொல்லுவாள். அவளுக்கு அறிவு குறைவு என்று யாரும் சொல்ல முடியாது. அவளுக்கு எழுத்து தெரியவில்லை என்பதை நான்கு வருடமாக யாரும் கண்டுபிடிக்கவில்லை, அவ்வளவுதான். உங்கள் குறிப்பேட்டில் அவள் நன்றாகப் படிக்கும் மாணவி.

ஆகவே என் கோரிக்கை ஒன்றே ஒன்று. எங்கள் பிள்ளைகளை ஒவ்வொருவராக, அவர்கள் இதுவரை பார்த்திராத நாலு வரியைக் கொடுத்து, உட்கார்ந்து படிக்கச் சொல்லிக் கேளுங்கள். வீட்டு வாசலில் வைத்துக் கேளுங்கள். கிடைத்ததை எங்கள் கிராம சபையில் எங்களிடம் சொல்லுங்கள்.

இது நடக்காத காரியம் இல்லை. பிரதம் என்ற தொண்டு நிறுவனம் 2005 முதல் ஏசர் என்ற கிராமப்புற ஆய்வில் இதைத்தான் செய்துவருகிறது. ஒரு தாளில் எழுத்துகள், சொற்கள், ஒரு சின்னப் பத்தி, இரண்டாம் வகுப்பு அளவில் ஒரு கதை. வீட்டுக்குப் போய்ப் பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து, எதுவரை படிக்கிறது என்று பார்க்கிறார்கள். கணக்கில் எண்களை அடையாளம் காண்பது, கடன் வாங்கிக் கழிப்பது, வகுப்பது. 2024-இல் இப்படி 605 மாவட்டங்களில் சுமார் ஆறரை லட்சம் பிள்ளைகளைச் சந்தித்திருக்கிறார்கள். 6 முதல் 14 வயதுப் பிள்ளைகளில் 98 விழுக்காட்டுக்கு மேல் பள்ளியில் பெயர் இருக்கிறது. ஆனால் நாடு முழுக்க அரசுப் பள்ளி மூன்றாம் வகுப்பில் இரண்டாம் வகுப்புப் பாடத்தைப் படிக்க முடிந்தவர்கள் 23.4 விழுக்காடு. பெயர் இருப்பதற்கும் படிப்பு வருவதற்கும் இடையில் இவ்வளவு தூரம் இருக்கிறது. ஆனாலும் அது சில ஊர்களை மட்டும் எடுத்துப் பார்க்கும் ஆய்வுதான். ஒரு மாவட்டத்துக்கு 30 ஊர், ஒரு ஊருக்கு 20 வீடு. எங்கள் ஊர் அதில் வராமலே போகலாம். எங்கள் ஊரை அளக்க வேண்டியது நீங்கள்.

நீங்கள் அளக்கவில்லை என்று நான் சொல்லவில்லை. அடைவுத் தேர்வு என்று வருகிறது. நான்கு விடை கொடுத்து ஒன்றைக் குறிக்கச் சொல்லும் தாள். கேள்வியையே படிக்கத் தெரியாத பிள்ளையும் கண்ணை மூடிக்கொண்டு குறித்தால் நான்கில் ஒன்று சரியாக வந்துவிடும். அந்த மதிப்பெண்ணை வைத்துக்கொண்டு அந்தப் பிள்ளைக்கு என்ன சொல்லிக்கொடுப்பது? அவளுக்கு 'கு' தெரியுமா, 'ள' தெரியுமா என்பது அதில் எங்கே இருக்கிறது? தேர்வு அன்றைக்கு வராத பிள்ளைகள் அந்தக் கணக்கிலேயே இல்லை. தைப் பொங்கல் முடிந்ததும் செங்கல் சூளைக்குப் போகும் பெற்றோருடன் மூன்று பிள்ளைகள் போய்விடுகிறார்கள். வருகைப் பதிவேட்டில் அவர்கள் பெயர் அப்படியே இருக்கிறது.

தூரத்தையும் இப்படித்தான் அளக்கிறீர்கள். தொடக்கப் பள்ளி ஒரு கிலோமீட்டர் நடை தூரத்துக்குள் இருக்க வேண்டும் என்பது கல்வி உரிமைச் சட்டத்தின் விதி. வரைபடத்தில் ஓடைக்கு அந்தப் பக்கத்துத் தெருவும் அதற்குள்தான் வருகிறது. ஐப்பசி, கார்த்திகையில் ஓடையில் இடுப்பளவு தண்ணீர் போகும்போது சாலை வழியாகச் சுற்றினால் நான்கு கிலோமீட்டர். ஆறு வயதுப் பிள்ளையை அந்த வழியில் தனியாக எந்தத் தாயும் அனுப்பமாட்டாள். வெள்ளமும் நிலச்சரிவும் உள்ள இடங்களில் அந்தத் தூரத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்று மத்திய அரசின் மாதிரி விதிகளே சொல்கின்றன. எழுத்து வராத பிள்ளைகளில் பலர் அந்தத் தெருப் பிள்ளைகள்தான். ஒன்றாம் வகுப்பில் எழுத்து நடக்கும் மாதங்களில் அவர்கள் வீட்டில் இருந்தார்கள்.

ஆசிரியர்கள்மேல் எனக்குக் குறை இல்லை. இரண்டு பேர், ஐந்து வகுப்பு. இதற்கு நடுவில் கைபேசியில் ஏற்ற வேண்டிய விவரங்கள்: வருகை, காலை உணவு, புத்தகம், சீருடை. டீச்சர் சுவரோரம் நின்று கைபேசியை உயர்த்திச் சிக்னல் தேடுவதைப் பார்க்கும்போது எனக்குக் கோபம் அவர்மேல் வருவதில்லை. எல்லாவற்றையும் எண்ணச் சொல்லும் நீங்கள், பிள்ளைக்குப் படிக்க வருகிறதா என்பதை மட்டும் ஏன் நேரில் கேட்பதில்லை? 2022 ஜூனில் எண்ணும் எழுத்தும் திட்டத்தைத் தொடங்கியபோது, 2025-க்குள் எட்டு வயதுக்குட்பட்ட எல்லாப் பிள்ளைகளும் பிழையில்லாமல் படிப்பார்கள் என்று சொன்னீர்கள். பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலையாகப் பிரித்துச் சொல்லிக்கொடுக்கும் அந்த முறை நல்ல முறை, நானும் அதைத்தான் பின்பற்றுகிறேன். சொன்ன ஆண்டு வந்தது. எங்கள் திண்ணையில் பதினோரு பிள்ளைகள் இன்னும் முதல் நிலையான அரும்பில் இருக்கிறார்கள். அவர்களில் நான்கு பேருக்கு ஒன்பது வயது முடிந்துவிட்டது. இது யாருடைய கணக்கிலும் வராமல் இருப்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

கோபத்தில் ஏதாவது அதிகம் எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். திரும்பவும் பணிவோடு கேட்கிறேன். ஒவ்வொரு பிள்ளையாகப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள், வீட்டு வாசலில் கேளுங்கள், கிராம சபையில் சொல்லுங்கள். நவம்பர் 1 அன்று எங்கள் ஊரில் கிராம சபை கூடும். அதற்கு ஒரு வாரம் முன்னால் வந்தால் ஓடையில் தண்ணீரும் இருக்கும். சாலை வழியாக நடந்து வாருங்கள், நான் எதிரே வந்து அழைத்துப் போகிறேன். முதலில் அந்தப் பிள்ளையின் வீட்டுக்குப் போகலாம். புத்தகம் வேண்டாம். நீங்களே ஒரு தாளில் நாலு வரி எழுதிக்கொண்டு வாருங்கள்.

இப்படிக்கு,
மாலை வகுப்புத் தன்னார்வலர்,
பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்