ஒசாகா வரை போய்ப் பொம்மை பார்த்துவர உதவிய எல்லோருக்கும்

அன்புள்ள ஊர்ப் பெரியவர்களுக்கும் தாய்மார்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

எங்கள் பொம்மலாட்டக் குழுவின் கல்லூரி மாணவி ஜப்பானின் ஒசாகாவில் அவர்களுடைய மரபான புன்ராக்கு பொம்மலாட்டம் பார்த்துவிட்டு நல்லபடியாகக் கும்பகோணம் வந்து சேர்ந்துவிட்டாள். முதல் வெளிநாட்டுப் பயணம். யார் செய்த வேலை எந்த இடத்தில் கைகொடுத்தது என்று விவரமாக எழுதுகிறோம். டெல்டாவிலிருந்து அடுத்துக் கிளம்பும் பிள்ளைக்கும் இது உதவட்டும்.

முதல் நன்றி, பெயரைச் சரிசெய்து கொடுத்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் அய்யாவுக்கு. நம் பிள்ளைகளுக்கு மார்க் ஷீட்டில் இனிஷியல், ஆதாரில் அப்பா பெயர், வங்கிக் கணக்கில் இனிஷியல் கடைசியில் என்று மூன்று விதமாக இருக்கும். பாஸ்போர்ட்டில் இனிஷியல் செல்லாது, விரித்து எழுத வேண்டும். அய்யா முதலில் ஆதாரைத் திருத்தச் சொன்னார், அடுத்து வங்கி, அதற்குப் பிறகே பாஸ்போர்ட் விண்ணப்பம். வரிசையை மாற்றிச் செய்தால் ஒவ்வொன்றுக்கும் இரண்டாம் முறை அலைய வேண்டும். விமான டிக்கெட்டையும் பாஸ்போர்ட்டை எதிரே வைத்துக்கொண்டு எழுத்து எழுத்தாகப் பார்த்தே போட்டோம்.

ஆடிட்டர் சார் காப்பாற்றியது விசாவை. ஆளாளுக்கு ஐநூறு, ஆயிரம் என்று மாணவியின் கணக்கிலேயே போடலாம் என்றிருந்தோம். அவர் தடுத்தார். படிக்கிற பிள்ளையின் கணக்கில் திடீரென்று சிறுசிறு தொகைகள் வந்து குவிந்தால், இது யார் பணம் என்ற கேள்வி வரும். ஆகவே செலவை ஏற்கும் மாமாவின் கணக்கு, அவருடைய வருமானவரிக் கணக்கு, உறவைக் காட்டும் கடிதம், கல்லூரியின் போனஃபைடு சான்று என்று ஒரே கட்டாக வைத்தோம். நன்கொடைப் பட்டியல் தனியாக, கையெழுத்துகளுடன். எந்த நாள் எங்கே தங்கல், என்ன பார்க்கப் போகிறாள் என்று நாள்வாரியான பயணத்திட்டமும் ஜப்பான் விசாவுக்குக் கட்டாயம். அதைத் தட்டச்சு செய்து கொடுத்த பிரவுசிங் சென்டர் அக்கா எட்டு முறை திருத்தினார், காசு வாங்கவில்லை.

செல்போன் கடைத் தம்பி சொன்னதை எல்லோரும் குறித்துக்கொள்ளுங்கள். இப்போது வருவது மின் விசா. விமான நிலையத்தில் அதை நெட் இணைப்போடு போனில் திறந்து காட்ட வேண்டும். ஸ்கிரீன்ஷாட்டும் பிரிண்டும் செல்லாது. திருச்சி கவுன்டரில் சிக்னல் இல்லாமல் நின்றால் சிக்கல்தான். அதற்காக அவர் வெளிநாட்டு டேட்டாவைக் கிளம்பும் முன்பே போட்டுச் சோதித்துக் கொடுத்தார். அங்கே மின்சாரம் 100 வோல்ட், பிளக் தட்டையான இரண்டு கால். நம் உருண்டைக்கால் பிளக் நுழையாது என்று அதற்கான மாற்றியையும் பையில் வைத்துவிட்டார்.

புளிக்காய்ச்சல் அரைக்கிலோவும் பருப்புப்பொடி 400 கிராமும் செய்து கொடுத்த தெரு அம்மாமார்களுக்கு நன்றி. அங்கே காய்கறி சூப்பிலும் பெரும்பாலும் மீன் சாறு கலந்திருக்கும், சைவம் சாப்பிடும் பிள்ளைக்கு ஆறு நாளும் இதுதான் துணை. புளிக்காய்ச்சல் குழம்புப் பதமாக இருப்பதால் கைப்பையில் விடமாட்டார்கள். இரட்டைக் கவரில் கட்டிப் பெரிய பெட்டியில் போட வேண்டும். பச்சைக் கறிவேப்பிலையும் மாம்பழமும் உரிய சான்றில்லாமல் ஜப்பானுக்குள் போகாது. ஆசையோடு பழம் கொண்டுவந்தவர்கள் மனம் கோணாமல் திருப்பி எடுத்துப் போனீர்கள், அதற்கும் நன்றி.

ஜூன் மாதத்தைத் தேர்ந்து சொன்னவர் ஒசாகாவில் வேலை பார்க்கும் நம் ஊர்க்காரர். ஒசாகாவின் நிப்பொம்பாஷி பகுதியில் 1984இல் திறந்த தேசியப் புன்ராக்கு அரங்கில் அந்த மாதம் புதியவர்களுக்கான ஆட்டம் நடக்கும். பொம்மையை எப்படிப் பிடிப்பது என்பதையும் மேடையிலேயே செய்து காட்டுவார்கள். நமக்கும் வைகாசித் திருவிழாக்கள் ஓய்கிற நேரம். குறுவைக்கு நாற்றங்கால் விடும் செலவுக்கு நடுவிலும் விவசாயிகள் கொடுத்தீர்களே, அதை மறக்கமாட்டோம். ஊர்க்காரர் இரண்டு நாளுக்கு இரண்டு இருக்கை எடுத்திருந்தார். ஒருநாள் வலது ஓரம், கதை சொல்லும் தயூவும் மூன்று தந்தி ஷாமிசென் வாசிப்பவரும் உட்காரும் தனிமேடைக்குப் பக்கத்தில். மறுநாள் நடுவரிசை, பொம்மைக்காக. பொம்மையின் முகம் சிறியது. போட்டோ ஸ்டுடியோ அண்ணன் கொடுத்தனுப்பிய பைனாகுலர் இல்லையென்றால் புருவம் அசைவது தெரிந்திருக்காது. ஆட்டத்தின்போது படம் எடுக்க அனுமதி கிடையாது, அவளிடம் இருந்தது பென்சிலும் நோட்டும் மட்டும்.

அந்த நோட்டை நீங்கள் எல்லோரும் ஒருமுறை பார்க்க வேண்டும். நம் ஆட்டத்தில் தலையில் மாட்டிய இரும்பு வளையத்திலிருந்து கயிறு இறங்கிப் பொம்மையைத் தாங்கும், கைகளைக் கம்பியால் ஆட்டுவோம், எல்லாம் ஒரே ஆள். அங்கே ஒரு பொம்மைக்கு மூன்று பேர். முதன்மை ஆட்டக்காரர் இடது கையால் தலையையும் வலது கையால் பொம்மையின் வலக்கையையும் பிடிக்கிறார். இரண்டாமவருக்கு இடக்கை, மூன்றாமவருக்குக் கால். யாரும் வாய் திறப்பதில்லை. முதன்மையானவர் தரும் மிகச் சிறிய அசைவுதான் மற்ற இருவருக்கும் குறிப்பு. காலைப் பிடிப்பவர் குனிந்து நிற்க இடம் வேண்டும் என்பதற்காக முதன்மையானவர் உயரமான மரச்செருப்பில் ஏறி நிற்கிறார். சத்தம் வராதிருக்க அதன் அடியில் வைக்கோல் பின்னல் கட்டியிருக்கும். பெண் பொம்மைக்குப் பெரும்பாலும் காலே கிடையாது. உடையின் கீழ்விளிம்பை உள்ளிருந்து முஷ்டியால் தள்ளித் தள்ளி நடக்க வைக்கிறார்கள். முழங்கால் மடங்குவதுபோல் துணி முன்னால் வந்து விழும் அந்த ஒரு கணத்தை மட்டும் நோட்டில் பதினோரு தடவை வரைந்திருக்கிறாள். நாம் கல்யாண முருங்கையில் செதுக்கும் முகத்தை அவர்கள் ஹினோக்கி மரத்தில் செதுக்குகிறார்கள், கண்ணும் புருவமும் அசையத் தலைக்குள் திமிங்கிலத் தாடை நாரால் வில் வைக்கிறார்கள்.

அரங்கின் கீழ்த்தளத்தில் ஒரு காட்சியறை இருக்கிறது, கட்டணம் இல்லை. ஆட்டம் தொடங்க ஒருமணி நேரம் முன்னதாகவே போய்விடுவது நல்லது. இடக்கையை இயக்கும் சஷிகானே என்ற நீளக் குச்சியை நிதானமாகப் பார்த்து அங்கே வரைந்துகொண்டாள். தோளைத் தூக்காமல் விரலை மட்டும் மடக்க ஒரு நூல் அதில் ஓடுகிறது. நம் கம்பியில் அது முடியாது.

கடைசி நன்றி தச்சு ஆசாரிக்கு. படத்தை வாங்கிப் பார்த்த மறுநாளே மூங்கிலில் ஒன்று சீவிக் கொடுத்துவிட்டார். விரலுக்கான நூலை எங்கே முடிவது என்பதுதான் இன்னும் பிடிபடவில்லை. வரவுசெலவுக் கணக்கு கோயில் மண்டபச் சுவரில் ஒட்டியிருக்கிறது, நோட்டும் அங்கேயே இருக்கும்.

இப்படிக்கு,
பொம்மலாட்டக் குழுவினர்,
கும்பகோணம்