டான்காஸ்டர் பெல்ஸை விட்டுவிட்டு ஒரு வரலாறா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இங்கிலாந்துப் பெண்கள் கால்பந்து பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை ஒரே மூச்சில் படித்து முடித்தேன். ஆர்சனல், செல்சி, மான்செஸ்டர் சிட்டி என்று பெரிய கிளப்புகளின் கதை நன்றாகவே வந்திருக்கிறது. ஆனால் 2011-ல் மகளிர் சூப்பர் லீக் வந்த பிறகுதான் அங்கே பெண்கள் பந்தையே தொட்டார்கள் என்பது போன்ற தொனி மனதை உறுத்தியது. அதைவிடப் பெரிய குறை, கட்டுரை முழுக்கத் தேடியும் டான்காஸ்டர் ஊர்ப் பெண்கள் அணியான டான்காஸ்டர் பெல்ஸின் பெயர் ஓரிடத்திலும் இல்லை. 2012 முதல் மூன்று வருடம் அந்த ஊரில் இருந்தவள் நான். அவர்கள் ஆடியதை நேரில் பார்த்தவள். பேசாமல் இருக்க முடியவில்லை.

டான்காஸ்டர் தெற்கு யார்க்‌ஷயரில் இருக்கிறது. ரயில் இன்ஜின் பட்டறையும் சுற்றிலும் நிலக்கரிச் சுரங்கங்களுமாக வளர்ந்த ஊர். ஊரின் ஆண்கள் அணியான டான்காஸ்டர் ரோவர்ஸ் அந்தக் காலத்தில் ஆடிய மைதானத்துக்கு பெல் வ்யூ என்று பெயர். ஆட்ட நாட்களில் அங்கே கூட்டத்துக்குள் புகுந்து பரிசுச் சீட்டு விற்றுக்கொண்டிருந்த பெண்கள் சிலர், நாமும் ஆடிப் பார்த்தால் என்ன என்று 1969-ல் கூட்டிய அணிதான் பெல்ஸ். ஷீலா ஸ்டாக்ஸ் அவர்களில் முதன்மையானவர். பெயரும் அந்த மைதானத்திலிருந்து வந்ததுதான்.

அந்த வருடத்தைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். 1920 டிசம்பர் 26 அன்று லிவர்பூலின் குடிசன் பார்க் மைதானத்தில், பிரஸ்டன் ஊர்த் தொழிற்சாலைப் பெண்களின் அணி ஆடியதைப் பார்க்க 53,000 பேர் திரண்டார்கள். அடுத்த வருடமே, 1921 டிசம்பர் 5-ல், கால்பந்து பெண்களுக்குச் சற்றும் பொருந்தாத ஆட்டம் என்று இங்கிலாந்து கால்பந்துச் சங்கம் தீர்மானம் போட்டது. தன்னோடு இணைந்த எந்த கிளப்பும் பெண்களுக்கு மைதானம் தரக் கூடாது என்றது. அந்தத் தடை முறைப்படி நீங்க 1971 ஆகிவிட்டது. ஆக, பெல்ஸ் பிறந்தபோது பெண்களுக்கு நல்ல மைதானம் எதுவும் சங்கத்தின் விதிப்படி கிடையாது. தடைக்காலத்தில் பிறந்த குழந்தை அது.

சரி, அந்தக் குழந்தை என்ன சாதித்தது? 1983 முதல் 1994 வரையிலான 12 வருடங்களில் இங்கிலாந்து மகளிர் கோப்பை இறுதி ஆட்டத்துக்கு பெல்ஸ் 11 முறை வந்தது. வராத வருடம் 1989 ஒன்றுதான். அந்தப் பதினொன்றில் ஆறு முறை கோப்பை அவர்கள் கைக்கு வந்தது. தோற்ற ஆட்டங்களையும் சும்மா சொல்லிவிட முடியாது. 1986-ல் நார்விச்சிடம் நான்குக்கு மூன்று என்று போராடித்தான் தோற்றார்கள். பெண்களுக்கான தேசிய லீக் 1991-92-ல் முதன்முதலாகத் தொடங்கியபோது எட்டு அணிகள், ஆளுக்கு 14 ஆட்டங்கள். பெல்ஸ் பதினான்கையும் வென்றது. ஒரு டிரா கூட இல்லை. அதே பருவத்தில் கோப்பைப் போட்டியின் ஒவ்வொரு சுற்றிலும், இறுதி ஆட்டம் உட்பட, பெல்ஸின் கேரன் வாக்கர் ஹாட்ரிக் (ஒரே ஆட்டத்தில் மூன்று கோல்) அடித்தார். 1993-94-ல் லீக், கோப்பை இரண்டையும் மறுபடி சேர்த்து எடுத்தார்கள்.

இதெல்லாம் சம்பளம் இல்லாத காலம். வேலைக்குப் போய்விட்டு வந்து, சாயங்காலம் பயிற்சி. டான்காஸ்டருக்குப் பக்கத்துத் தோர்னில் பிறந்த கில்லியன் கோல்டார்ட் 13 வயதில் பெல்ஸுக்கு ஆட வந்தவர். இங்கிலாந்துக்காக 119 ஆட்டங்கள் ஆடினார். அந்த நாட்டுப் பெண்களில் நூறைத் தொட்ட முதல் ஆள் அவர்தான். வாக்கர் 83 ஆட்டங்களில் 40 கோல் போட்டார். உங்கள் கட்டுரையில் இந்த இரண்டு பேரின் பெயராவது வந்திருக்க வேண்டாமா?

நான் அங்கே போனபோது பெல்ஸ் சூப்பர் லீக்கில் ஆடிக்கொண்டிருந்தது. 2011-ல் லீக்கைத் தொடங்கிய எட்டு அணிகளில் அதுவும் ஒன்று. அப்போது அவர்கள் ஆடிய கீப்மோட் ஸ்டேடியம் 15,000 பேர் உட்காரும் இடம். வந்திருப்பது சில நூறு பேர். எல்லோரையும் ஒரே பக்கத்தில் உட்கார வைப்பார்கள். எதிரே வெறும் நாற்காலிகள். அதனால் ஒரு ஆதாயம், மைதானத்துக்குள் பேசுவது அத்தனையும் காதில் விழும். 'பின்னால ஆளு வருது', 'எனக்கு விடு' என்று அவர்கள் கத்துவது யார்க்‌ஷயர் இழுவையோடு அப்படியே கேட்கும். என் பக்கத்து நாற்காலியில் வழக்கமாக ஒரு பாட்டி வந்து உட்காருவார். ஃபிளாஸ்கில் டீ, மடியில் ஒரு கம்பளி. மூடியிலேயே எனக்கும் டீ ஊற்றித் தருவார். எழுபதுகளில் தானும் கொஞ்ச நாள் ஊர்ப் பொதுப் புல்வெளிகளில் ஆடியதாகவும், உடை மாற்ற இடம் இல்லாமல் காருக்குள்ளேயே மாற்றிக்கொண்டதாகவும் சொன்னார். பெல்ஸ் ஜெயித்த கோப்பைகளின் வருடங்களைப் பேரப்பிள்ளைகளின் பிறந்த நாள் மாதிரி வரிசையாகச் சொல்வார்.

2013 ஏப்ரல் மாதத்தில்தான் அந்தச் செய்தி வந்தது. பருவம் தொடங்கி பெல்ஸ் ஒரே ஒரு ஆட்டம் ஆடியிருந்தது. அடுத்த வருடத்திலிருந்து சூப்பர் லீக்கை இரண்டு பிரிவாக்குகிறோம், பெல்ஸ் இரண்டாம் பிரிவுக்குப் போக வேண்டும் என்று சங்கம் அறிவித்துவிட்டது. முதல் பிரிவில் புதிதாக இடம் பெற்றது மான்செஸ்டர் சிட்டி. அதுவரை ஒரு படி கீழே ஆடிக்கொண்டிருந்த அணி. நிதி நிர்வாகம், விளம்பர வருமானம், வசதிகள், ஆட்டக்காரர் வளர்ப்பு என்று நான்கு தலைப்புகளில் விண்ணப்பம் வாங்கி, அதை வைத்து எடுத்த முடிவு. மைதானத்து முடிவுகளுக்கு அதில் இடமே இல்லை. மேல்முறையீடு செய்தார்கள், பலிக்கவில்லை.

பாக்கி 13 ஆட்டங்கள் இருந்தன. ஜெயித்தாலும் இறக்கம், தோற்றாலும் இறக்கம் என்று தெரிந்துகொண்டே அந்தப் பெண்கள் வாரா வாரம் ஜெர்சி போட்டுக்கொண்டு இறங்கினார்கள். அந்த ஆட்டங்களைத்தான் நான் பார்த்தேன். கடைசியில் எட்டாவது இடம்தான் கிடைத்தது. 'பாருங்கள், எப்படியும் இறங்கியிருப்பார்கள்' என்று இதைக் காட்டிச் சொல்பவர்கள் உண்டு. என்னால் ஏற்க முடியாது. தீர்ப்பை முதலில் எழுதிவிட்டு அப்புறம் விசாரணை நடத்தினால் அதற்குப் பெயர் வேறு. பணம் வேண்டும், நல்ல மைதானம் வேண்டும், பெண்களுக்கு மாதச் சம்பளம் வேண்டும், எல்லாம் சரி. அதற்காகக் கீழே போவது யார் என்பதைப் பந்து தீர்மானிக்காமல் கோப்பு தீர்மானிப்பது ஆட்டத்துக்குச் செய்த துரோகம் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். அந்தக் கோப்புகளின் லட்சணமும் தெரிந்துவிட்டது. லிங்கன் ஊர் அணியை நாட்டிங்ஹாமுக்குப் பெயர்த்து, நாட்ஸ் கவுண்டி என்று புதுப் பெயரோடு அதே முதல் பிரிவில் சேர்த்தார்கள். 2017-ல் ஒரு பருவம் தொடங்க இரண்டு நாள் இருக்கும்போது அது இழுத்து மூடப்பட்டது.

பெல்ஸ் சோர்ந்துவிடவில்லை. 2015-ல் ஆடித்தான் மேலே ஏறியது, அடுத்த வருடமே இறங்கியது. 2017-18-ல் இரண்டாம் பிரிவில் முதலிடம் பிடித்தது. பிடித்த கையோடு, பணம் இல்லாமல் மேல்மட்ட லீக்கிலிருந்தே விலகி மூன்றாம் தட்டுக்குப் போனது. அதே கோடையில் மான்செஸ்டர் யுனைடெட் புதிதாக ஒரு பெண்கள் அணி தொடங்கி, நேரே இரண்டாம் தட்டில் இடம் வாங்கியது.

இன்னொன்று. 2023 ஆகஸ்ட் 20, சிட்னி. உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் ஸ்பெயினிடம் இங்கிலாந்து ஒரு கோலில் தோற்றது. அன்றைய கேப்டன் மில்லி பிரைட். ஸ்பெயினின் ஹெர்மோசோ அடித்த பெனால்டியைத் தடுத்து, போட்டியின் சிறந்த கோல்கீப்பர் விருதையும் வாங்கியவர் மேரி இயர்ப்ஸ். அதே உலகக் கோப்பையில் முன்னதாக நைஜீரியாவுடனான ஆட்டம் பெனால்டிக்குப் போனபோது கோல் போட்டவர்களில் ஒருவர் பெத்தனி இங்கிலாந்து (குடும்பப் பெயரே அதுதான்). மூன்று பேரும் இளம் வயதில் பெல்ஸுக்கு ஆடியவர்கள். உங்கள் கட்டுரையில் மூன்று பேரின் படமும் இருக்கிறது. எங்கிருந்து வந்தார்கள் என்பது இல்லை.

அடுத்த இதழில் ஒரு சிறு கட்டம் கட்டிப் போட்டால் போதும்: டான்காஸ்டர் பெல்ஸ், கோப்பை வென்ற ஆண்டுகள் 1983, 1987, 1988, 1990, 1992, 1994. ஃபிளாஸ்க் பாட்டிக்கும் எனக்கும் இன்னும் கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டை போய்வந்துகொண்டிருக்கிறது. அந்தப் பக்கத்தைக் கத்தரித்து அட்டையோடு அனுப்பி வைப்பேன். தமிழ் படிக்க வராது, எண்களைப் படித்துக்கொள்வார்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
மதுரை.