வீட்டு ஆர்கேடும் வீட்டு புரொஜெக்டரும்: கட்டுரையில் விடுபட்ட கணக்கு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் அறிவியல் இணைப்பில், பயன்படாமல் கிடக்கும் பழைய மானிட்டர்களைக் கொண்டு வீட்டிலேயே, விளையாட்டுக் கூடங்களில் காசு போட்டு ஆடும் வகை ஆர்கேட் விளையாட்டுப் பெட்டியும் வீடியோ புரொஜெக்டரும் செய்துகொள்ளும் முறையை விளக்கி வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். கையால் ஒன்றைச் செய்து பார்க்கும் ஆர்வத்தைத் தூண்டும் கட்டுரைகள் அருகிவரும் காலத்தில் அதற்கு முழுப்பக்கம் ஒதுக்கியமைக்கு என் பாராட்டுகள். இவ்விரண்டையும் செய்து, பல ஆண்டுகளாகப் பயன்படுத்தியும் வருபவன் என்ற முறையில் அக்கட்டுரையின் ஒரு கருத்தை மட்டும் மறுக்க வேண்டியிருக்கிறது. இரண்டும் ஒரே அளவு எளிமையான விடுமுறை நாள் வேலைகள் என்று கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். அது சரியன்று. ஆர்கேட் பெட்டியில் எது பிழைத்தாலும் பிரித்துத் திருத்திக்கொள்ளலாம். புரொஜெக்டரின் தலையெழுத்தோ முதல் பலகையை அறுப்பதற்கு முன்பே, காகிதத்தில் போடும் ஒளிக் கணக்கில் முடிவாகிவிடுகிறது. அந்தக் கணக்கைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை.

கட்டுரையின் தொடக்கத்தில் சொல்லப்பட்ட அட்டைப்பெட்டி முறையையே முதலில் எடுத்துக்கொள்வோம். கைபேசியைப் பெட்டிக்குள் நிறுத்தி, எதிர்ப்பக்கத்தில் ஒரு பூதக்கண்ணாடியைப் பொருத்தினால் சுவரில் படம் விழும் என்பது உண்மைதான். எவ்வளவு ஒளியுடன் விழும் என்பதுதான் கேள்வி. 15 சென்டிமீட்டர் நீளமும் 7 சென்டிமீட்டர் அகலமும் கொண்ட ஒரு கைபேசித் திரையின் பிரகாசம் 500 நிட் (சதுர மீட்டருக்கு 500 கேண்டெலா) என்று வைத்துக்கொண்டால், அது எல்லாத் திசைகளிலும் வெளியிடும் மொத்த ஒளி ஏறத்தாழ 16 லூமென். ஏழரை சென்டிமீட்டர் விட்டமுள்ள ஒரு லென்ஸ் 25 சென்டிமீட்டர் தள்ளி இருந்தால், அதில் நூற்றில் இரண்டு பங்குதான் லென்ஸுக்குள் நுழைகிறது. ஆகச் சுவரை அடைவது அரை லூமெனுக்கும் குறைவு. ஒரு மீட்டர் அகலப் படத்தில் அதைப் பரப்பினால், ஒரு மீட்டர் தூரத்தில் எரியும் ஒற்றை மெழுகுவத்தி தரும் 1 லக்ஸ் (சதுர மீட்டருக்கு ஒரு லூமென்) வெளிச்சத்தைக்கூட அது எட்டாது. திரையரங்கில் வெள்ளைத் திரைக்கான தரநிலை சதுர மீட்டருக்கு 48 கேண்டெலா. சாதாரண வெள்ளைச் சுவரில் அதைப் பெற ஏறக்குறைய 150 லக்ஸ் வேண்டும். குழந்தைகளுக்கு லென்ஸின் இயல்பைக் காட்டுவதற்கு அட்டைப்பெட்டி மிக நல்ல கருவி என்பதில் எனக்கு ஐயமில்லை. அதில் குடும்பத்தோடு படம் பார்க்கலாம் என்று எழுதுவதுதான் மிகை.

உண்மையான வீட்டு புரொஜெக்டர் என்பது, எல்.சி.டி. மானிட்டரின் பின்னொளியை நீக்கிவிட்டு, கண்ணாடிப் பேனலை மட்டும் தனியே எடுத்து, அதன் வழியாக வலுவான ஒரு விளக்கின் ஒளியைச் செலுத்துவதாகும். இங்கே புதிதாக இறங்குவோர் அறிந்திராத ஒரு செய்தி உண்டு. வண்ண எல்.சி.டி. பேனல் வெள்ளையைக் காட்டும்போதுகூடத் தன் மீது விழும் ஒளியில் நூற்றுக்கு ஐந்து முதல் எட்டு பங்கையே ஊடுருவ விடுகிறது. ஒளியலைகளை ஒரே அதிர்வுத் தளத்துக்கு வடிகட்டும் போலரைசர் படலம் பாதிக்கு மேல் விழுங்கிவிடுகிறது. ஒவ்வொரு புள்ளியும் சிவப்பு, பச்சை, நீலம் என்ற ஒற்றை நிறத்தை மட்டுமே அனுமதிப்பதால் எஞ்சியதில் மூன்றில் இரண்டு பங்கு போய்விடுகிறது. புள்ளிகளுக்கிடையே ஓடும் நுண்கம்பிகளும் டிரான்சிஸ்டர்களும் மறைக்கும் பரப்பு தனி. வாட்டுக்கு 100 லூமென் தரும் 100 வாட் எல்.இ.டி. ஒன்றின் 10,000 லூமென் ஒளியில் பேனலை நோக்கித் திருப்ப முடிவது 4,000 லூமென் என்றும், பேனல் அதில் 6 விழுக்காட்டை விடுகிறது என்றும், லென்ஸ்களில் மேலும் ஐந்தில் ஒரு பங்கு இழப்பு என்றும் கொண்டால், சுவருக்குப் போய்ச் சேர்வது 190 லூமென்தான்.

இந்த 190 லூமெனை வைத்துக்கொண்டு எவ்வளவு பெரிய படம் காட்டலாம் என்று கேட்பதே சரியான தொடக்கம். 15 அங்குல மானிட்டரின் பேனல் 305 மில்லிமீட்டர் அகலமும் 229 மில்லிமீட்டர் உயரமும் உடையது. அதை ஐந்து மடங்கு பெரிதாக்கினால் படம் ஒன்றரை மீட்டர் அகலத்தில் அமையும். வெளிச்சம் ஏறத்தாழ 110 லக்ஸ் கிடைக்கும். இருட்டறையில் கண்ணுக்கு நிறைவான படம் அது. ஆசைப்பட்டு அகலத்தை இரட்டித்து மூன்று மீட்டராக்கினால் பரப்பு நான்கு மடங்காகிறது, வெளிச்சம் 27 லக்ஸாகச் சரிகிறது, கறுப்பும் சாம்பலும் பிரித்தறிய முடியாமல் கலந்துவிடுகின்றன. சுவர் முழுவதும் படம் என்ற தலைப்பைக் கட்டுரைக்குக் கொடுத்தவர் இந்த வகுத்தலைச் செய்து பார்த்திருக்க மாட்டார்.

தொலைவுகளையும் இதே போல முன்கூட்டியே அறியலாம். 320 மில்லிமீட்டர் குவியத்தூரமுள்ள லென்ஸில் ஐந்து மடங்கு உருப்பெருக்கம் வேண்டுமானால், பேனல் லென்ஸிலிருந்து 384 மில்லிமீட்டர் தள்ளியும், சுவர் 1,920 மில்லிமீட்டர் தள்ளியும் இருக்க வேண்டும். பள்ளியில் மனப்பாடம் செய்து தேர்வோடு மறந்துவிட்ட லென்ஸ் சமன்பாடு பெட்டியின் நீளத்தை நமக்காக முடிவு செய்துவிடுகிறது. பேனலுக்கும் லென்ஸுக்கும் நடுவே, விரிந்து செல்லும் ஒளியைத் திரும்பக் குவித்து லென்ஸின் வாய்க்குள் செலுத்த, வட்ட வரிகளாக வெட்டிய தட்டையான ஃப்ரெனெல் லென்ஸ் ஒன்றும், விளக்குக்கும் பேனலுக்கும் நடுவே ஒளியை இணைக்கதிர்களாக்க இன்னொன்றும் தேவை. 1823-ஆம் ஆண்டில் பிரான்சின் கோர்துவான் கலங்கரை விளக்கத்தில் ஒகுஸ்தேன் ஃப்ரெனெல் முதன்முதலாக நிறுவிய அதே வடிவம், இன்று மெல்லிய பிளாஸ்டிக் தகடாக நம் கைக்கு வருகிறது. அத்தகட்டைப் பேனலோடு ஒட்டினாற்போல் வைத்தால் அதன் வட்ட வரிகளும் பேனலின் புள்ளி வரிசைகளும் ஒன்றன் மேல் ஒன்று படிந்து, படமெங்கும் அலையலையாகக் கோடுகள் தோன்றும். சில சென்டிமீட்டர் விலக்கினால் மறைந்துவிடும். லென்ஸ் படத்தைத் தலைகீழாகவும் இடவலம் மாற்றியும் காட்டும் என்பதால் பேனலை, அதன் முகப்பு விளக்கைப் பார்த்திருக்கும்படி, தலைகீழாகப் பொருத்த வேண்டும் என்பதையும் கட்டுரை சொல்லவில்லை.

பேனல் விழுங்கும் ஒளி எங்கே போகிறது என்று எண்ணிப் பார்த்தால் வெப்பத்தின் சிக்கல் விளங்கும். காற்றோட்டம் போதாத பெட்டியில் சிறிது நேரத்திலேயே படத்தின் நடுவில் ஒரு கரும்பட்டை படர்வதைக் காணலாம். திரவப் படிகம் சூடேறித் தன் ஒழுங்கமைவை இழப்பதால் வருவது அது. உடனே விளக்கை அணைத்து ஆறவிட்டால் படம் மீளும். போலரைசர் படலம் பழுப்பேறிவிட்டால் மீட்சி இல்லை. எனவே எல்.இ.டி.க்கு வெப்பத்தை வாங்கி வெளியேற்றும் ஹீட் சிங்கும் அதற்கென ஒரு ஃபேனும் மட்டும் போதா. பேனலின் இரு முகங்களிலும் குளிர்ந்த காற்று வழிந்தோட இடைவெளியும் தனி ஃபேனும் வேண்டும். பேனலைப் பிரிக்கும்போது அதன் விளிம்பில் ஒட்டியிருக்கும் மெல்லிய நாடா வயர்களில் ஒன்று மடிந்து அறுந்தால் படத்தில் நிரந்தரக் கோடு விழும் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

ஆர்கேட் பெட்டிக்கு வருவோம். 1972-இல் வெளிவந்த பாங், 1978-இன் ஸ்பேஸ் இன்வேடர்ஸ், 1980-இன் பேக்-மேன் ஆகியவற்றை ஆடியவர்களுக்கு இன்று நினைவிலிருப்பது படத்தைவிடக் கையில் உணர்ந்த அந்தப் பிடிதான் என்பது என் எண்ணம். ஆகவே பெட்டியின் உயிர் அதன் கட்டுப்பாட்டுப் பலகையில் இருக்கிறது. கட்டுரையோ பக்கப் பலகைகளின் வளைவுக்கும் வண்ண ஒட்டுப்படத்துக்கும் மூன்று பத்திகளைக் கொடுத்து, ஜாய்ஸ்டிக்கை ஒரே வரியில் கடந்து சென்றிருக்கிறது. ஜாய்ஸ்டிக்கின் அடியில் நான்கு மைக்ரோசுவிட்சுகள் இருக்கின்றன; தண்டைச் சாய்க்கும்போது அந்தத் திசைக்குரிய சுவிட்ச் ‘டிக்’கென்று அழுந்துகிறது. எட்டுத் திசைகளிலும் சாயும்படி விட்டால், மூலைக்குப் போகும்போது அடுத்தடுத்த இரு சுவிட்சுகள் சேர்ந்தே அழுந்தும். சண்டை விளையாட்டுகளுக்கு அது இன்றியமையாதது. நான்கு திசை மட்டுமே அறிந்த பேக்-மேனுக்கோ அதுவே தொல்லை, திருப்பங்களில் உருவம் திணறி நிற்கும். தண்டைச் சுற்றியுள்ள தடுப்புத் தகட்டைத் திருப்பி நான்கு திசைக்கும் எட்டுத் திசைக்கும் மாற்றிக்கொள்ளும் வகை ஜாய்ஸ்டிக்கை வாங்குமாறு ஒரு சொல் சேர்த்திருந்தாலே பலருக்குப் பயன்பட்டிருக்கும்.

வயரிங் அஞ்சத்தக்கதன்று. ஒவ்வொரு சுவிட்சின் பொது முனையையும் ஒரே வயரில் சங்கிலியாகக் கோத்து, சாதாரண நிலையில் திறந்திருக்கும் மற்றொரு முனையிலிருந்து தனித்தனி வயர்களை, பொத்தான் அழுத்தத்தைக் கணினிக்குத் தெரிவிக்கும் யூ.எஸ்.பி. என்கோடர் போர்டுக்குக் கொண்டுபோனால் முடிந்தது. பழைய கீபோர்டைப் பிரித்து அதன் போர்டைப் பயன்படுத்தலாம் என்ற யோசனையை நான் பரிந்துரைக்க மாட்டேன். கீபோர்டின் விசைகள் வரிசையும் நிரலுமாக இணைக்கப்பட்டிருப்பதால், மூன்று நான்கு பொத்தான்களை ஒருசேர அழுத்தும்போது சில பதிவாகாமல் போகும்; இருவர் சேர்ந்து ஆடும் பெட்டியில் அது சச்சரவில்தான் முடியும். பலகையில் துளையிடுவதற்கு முன் கெட்டி அட்டையில் அதே அளவில் வெட்டிப் பொத்தான்களைச் செருகி, நின்றபடி மணிக்கட்டு நோகிறதா என்று ஆடிப் பார்ப்பது நல்லது. மரநாரைப் பிசினோடு அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பலகையை அறுப்பவர் முகக்கவசமின்றி அறுக்கலாகாது. அதன் தூசு மிக நுண்ணியது, பிசினில் ஃபார்மால்டிஹைடும் உண்டு.

திரையைப் பற்றியும் ஒரு வார்த்தை. பேக்-மேனின் படம் 224 புள்ளி அகலமும் 288 புள்ளி உயரமும் கொண்ட நெட்டைப் படம். மானிட்டரை 90 பாகை திருப்பி நிறுத்தாவிட்டால் இருபுறமும் கறுப்பாகவே இருக்கும். நொடிக்கு 60 படங்கள் ஓடும் விளையாட்டில் ஒரு படத்தின் ஆயுள் 16.7 மில்லி நொடி. சில தொலைக்காட்சிகள் படத்தை மெருகேற்றுவதற்காக அதைப்போலப் பல மடங்கு தாமதிக்கின்றன. பொத்தானை அழுத்திய பின் உருவம் சற்று யோசித்துவிட்டுத் தாவுவது போலத் தோன்றும். தொலைக்காட்சியை, அந்த மெருகேற்றலைக் குறைக்கும் கேம் மோடில் வைத்தால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். வீட்டு புரொஜெக்டரையே ஆர்கேடுக்குத் திரையாக்கலாம் என்ற கட்டுரையாளரின் யோசனை எனக்கும் பிடித்தது. மானிட்டரின் தாமதமே அங்கும் தொடரும் என்பதால் வேகமான மானிட்டரின் பேனலைத் தேர்ந்தெடுத்தால் போதும்.

1997-இல் நிக்கோலா சால்மோரியா தொடங்கிய, பழைய ஆர்கேட் இயந்திரங்களைப் போலக் கணினியை இயங்கவைக்கும் மேம் எமுலேட்டர் 2016 முதல் திறமூல மென்பொருளாக இருக்கிறது. அதைப் பயன்படுத்துவதில் குற்றமில்லை. ஆனால் ‘விளையாட்டுகளை இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ளவும்’ என்று ஒரு நாளிதழ் பொத்தாம்பொதுவாக எழுதுவது முறையன்று. அவற்றுள் பெரும்பாலானவற்றுக்கு இன்றும் பதிப்புரிமை உண்டு. வணிக நோக்கமற்ற பயன்பாட்டுக்கு உரிமையாளர்களே இலவசமாகத் தந்த சில விளையாட்டுகள் மேம் திட்டத்தின் தளத்திலேயே கிடைக்கின்றன. உரிமையாளர்கள் தொகுத்து விற்கும் பழைய விளையாட்டுத் தொகுப்புகளும் இருக்கின்றன. நல்ல நிலையில் உள்ள அசல் ஆர்கேட் பெட்டி கிடைத்தால் அதைக் குடைந்து உள்ளுறுப்புகளை எறிந்துவிட்டுக் கணினியை வைப்பதற்கும் நான் உடன்பட மாட்டேன். அதைப் பழுது நீக்கி ஓடச் செய்வதே மேல்.

இறுதியாக, நான் இக்கடிதத்தை எழுத முதன்மையான காரணம். ‘பிரகாசமான எந்த விளக்கும் போதும்’ என்று எழுதி, எடுத்துக்காட்டாக மெட்டல் ஹாலைடு விளக்கைக் கட்டுரை குறிப்பிடுகிறது. அவ்விளக்கைப் பற்றவைக்கச் சில ஆயிரம் வோல்ட் துடிப்பு தேவை; அதன் வெளிக்கண்ணாடி உடைந்த நிலையில் எரிந்தால் புறஊதாக் கதிர்கள் கண்ணையும் தோலையும் சுடும். எல்.இ.டி.யிலும் கவனம் வேண்டும்: அதற்கு மின்சாரம் ஊட்டும் மலிவான டிரைவர்கள் சிலவற்றில் வெளியீடு வீட்டு மின்வழியிலிருந்து தனிமைப்படுத்தப்பட்டிருக்காது, 30 வோல்ட்தானே என்று தொட்டால் வீட்டு மின்சாரமே தாக்கும். பழைய எல்.சி.டி. மானிட்டரின் பின்னொளிக் குழல்களில் பாதரசம் இருக்கிறது, அவற்றுக்கு மின்சாரம் ஊட்டும், மானிட்டருக்குள்ளேயே இருக்கும் இன்வெர்ட்டர் சுற்றில் பல நூறு வோல்ட் ஓடுகிறது. படக்குழாய் மானிட்டரை ஆர்கேடுக்காகத் திறப்பவர் இன்னும் அஞ்ச வேண்டும். 20,000 வோல்ட்டுக்கு மேற்பட்ட மின்னூட்டம் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதில் தங்கியிருக்கக்கூடும். உலோகப் பகுதிகளுக்கு எர்த்திங்கும், மின்வரத்தில் ஃபியூஸும் இன்றி இப்பெட்டிகள் எதையும் இயக்கலாகாது.

அறிவியல் இணைப்பு மாணவர்கள் கையில் போகும் பகுதி. ஆகவே, மின்சாரம் தொடர்பான இந்த எச்சரிக்கைகளை அடுத்த இதழிலேயே, கட்டுரை வந்த அதே பக்கத்தில், கண்ணில் படும் எழுத்தளவில் வெளியிடுமாறும், ‘எந்த விளக்கும் போதும்’ என்ற வாக்கியத்தைத் திருத்தி அறிவிக்குமாறும் கேட்டுக்கொள்கிறேன். ஒளிக் கணக்கைப் படத்துடன் விளக்கும் இரண்டாம் பகுதி ஒன்றைக் கட்டுரையாளர் எழுத முன்வந்தால், என்னிடமுள்ள அளவீடுகளை அனுப்பிவைக்க அணியமாக இருக்கிறேன்.

இங்ஙனம்,
தங்கள் நீண்டநாள் வாசகர்