செம்பு மையை மண்டபம் கடற்கரையில் மாட்டிப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிளாஸ்டிக் தாளில் மின்பாதை அச்சடிக்க, வெள்ளித் துகள் கலந்த மைக்குப் பதிலாகச் செம்பு மை வரப்போகிறது என்று உங்கள் அறிவியல் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். ராமேஸ்வரம் தீவில் உள்ள தங்கச்சிமடத்தில் படகுகளின் ஒயர்லெஸ் செட், ஜிபிஎஸ், கடலின் ஆழம் பார்க்கிற எக்கோ சவுண்டர் இவற்றைப் பழுது பார்க்கிற கடை வைத்திருக்கிறேன். இப்போது மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கரையில்தான் நிற்கும். இன்ஜின் வேலை பார்க்கிற கையோடு இந்தப் பெட்டிகளையும் கழற்றி என் மேசையில் கொண்டுவந்து போட்டுவிடுவார்கள். வருஷத்தில் எனக்கு அதிக வேலை இருப்பது இப்போதுதான். இருந்தாலும் இதை எழுதாமல் விட மனசில்லை. கட்டுரை நன்றாகத்தான் இருந்தது. ஆனால் எங்கள் கரையில் இருக்கிறவன் முதலில் கேட்கிற கேள்வி அதில் இல்லை. இந்தச் செம்பு உப்புக் காற்றில் எத்தனை நாள் தாங்கும்?

அதற்கு முன் ஒரு சின்னத் திருத்தம். 150 டிகிரி சூட்டில் செம்புத் துகள்கள் உருகி ஒட்டிக்கொள்வதாகக் கட்டுரையில் இருந்தது. செம்பு உருக 1085 டிகிரி செல்சியஸ் வேண்டும். சின்டரிங் என்கிற இந்த முறையில் எதுவும் உருகுவதில்லை. துகள் சிறுக்கச் சிறுக்க, அதிலுள்ள அணுக்களில் மேற்பரப்பில் நிற்பவற்றின் பங்கு கூடுகிறது. மேற்பரப்பு அணுவைச் சுற்றி இறுகப் பிடித்துக்கொள்ளும் அணுக்கள் குறைவு. அதனால் குறைந்த சூட்டிலேயே அது இடம் பெயரும். இரண்டு துகள்கள் தொட்டுக்கொண்டிருக்கிற இடத்தில் போய்ச் சேரும். அங்கே ஒரு கழுத்து உண்டாகித் தடிக்கும். மின்சாரம் போவது அந்தக் கழுத்துகள் வழியாகத்தான். என் கடையில் பற்றவைக்கிற ஈயக்கம்பியே 183 டிகிரியில்தான் இளகுகிறது. அதற்கும் குறைந்த சூட்டில், குளிர்பான பாட்டில் செய்கிற அதே பெட் பிளாஸ்டிக் தாளின்மேல், தாள் சுருளாமல் செம்புப் பாதை போட முடிகிறது என்றால் அது பெரிய வேலைதான்.

செம்புக்கு நான் எதிரி இல்லை. எக்கோ சவுண்டரின் பட்டன் பலகையைப் பிரித்தால் உள்ளே பிளாஸ்டிக் தாளில் சாம்பல் நிறக் கோடுகள் ஓடும். அவை வெள்ளி மையில் அச்சடித்தவை. ஒரு கோடு அறுந்தால் அந்த வரிசைப் பட்டன்கள் எல்லாம் செத்துவிடும். அதைச் சேர்க்க ஒரு குட்டிப் புட்டியில் வெள்ளி பெயின்ட் விற்கிறார்கள். விலையைச் சொன்னால் படகுக்காரர், "பட்டனே வேண்டாம்ணே, ஸ்குரூ டிரைவரால குத்திக்கிறேன்" என்பார். செம்பின் விலையைப் போல நூறு மடங்குக்கு மேல் போகிறது வெள்ளி. மின்சாரத்தைக் கடத்துவதிலோ வெள்ளியின் திறனில் 100-க்குச் சுமார் 95 பங்கு செம்புக்கும் உண்டு. அப்புறம் ஏன் இத்தனை வருஷம் செம்பு மை வரவில்லை?

காரணம் காற்று. வெள்ளியின் ஆக்சைடு சூடு பட்டால் சிதைந்து மறுபடி வெள்ளியாகிவிடும். செம்பின் ஆக்சைடு அப்படிப் போகாது. துகள்மேல் மெல்லிய ஏடாகப் படிந்து அணுக்களை நகரவிடாமல் தடுத்துவிடும். துகள் நுண்ணியதாக ஆக மேற்பரப்பு கூடுகிறது, மேற்பரப்பு கூடினால் ஆக்சைடும் கூடுகிறது. சீக்கிரம் ஒட்டட்டும் என்று பொடிக்கப் போய் அதுவே எதிரியாகிவிடுகிறது. புட்டியில் இருக்கும்போது துருவேறாமல் இருக்கத் துகளுக்கு மேல் ஒரு கரிமப் பூச்சு கொடுக்கிறார்கள். குறைந்த சூட்டில் அது முழுக்கப் போகாமல் துகள்களுக்கு நடுவில் தங்கிவிட்டால் அதுவும் தடைதான்.

இதைத் தாண்டச் சில வழிகள் கண்டிருக்கிறார்கள். ஒன்று, ஃபார்மிக் அமிலத்தின் ஆவியில் வைத்துச் சூடாக்குவது. கன்னியாகுமரிப் பக்கம் ரப்பர் பாலை உறைய வைக்க ஊற்றுகிறார்களே, அதே அமிலம்தான். பண்டிகைக்கு முன்னால் செம்புக் குடத்தைப் புளி போட்டு விளக்குவது போல அது ஆக்சைடை எடுத்துவிட்டு வெறும் செம்பை வெளியே கொண்டுவரும். இன்னொன்று, துகளே இல்லாத மை. செம்பு ஃபார்மேட் என்னும் உப்பை அமீன் என்கிற நைட்ரஜன் சேர்மத்தோடு கலந்து பூசிச் சூடாக்கினால், உப்பு சிதைந்து அந்த இடத்திலேயே செம்பாக மாறும். செனான் விளக்கை மில்லிசெகண்ட் நேரம் பளிச்சென்று அடித்து, கீழே இருக்கிற தாளுக்குச் சூடு இறங்குவதற்குள் மேலே இருக்கிற துகளைப் பிணைக்கிற வழியும் இருக்கிறது. கட்டுரையில் இதற்கெல்லாம் கொஞ்சம் இடம் கொடுத்திருக்கலாம். மை தயாரிப்பது எவ்வளவு கஷ்டம் என்று வாசகருக்குத் தெரிந்திருக்கும்.

சரி, பாதை போட்டாகிவிட்டது. அதற்குப் பிறகு நடப்பதுதான் என் கவலை. ஒரு மில்லிமீட்டர் தடிமன் செம்புக் கம்பியில் மேலே பச்சைக் களிம்பு பூத்தாலும் உள்ளே செம்பு மிச்சம் இருக்கும், வேலை ஓடும். அச்சடித்த பாதையின் தடிமனை மைக்ரானில்தான் சொல்ல வேண்டும், மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. போதாததற்கு, குறைந்த சூட்டில் பிணைந்த படலத்தில் துளைகள் நிறைய. மின்தடை (ரெசிஸ்டன்ஸ்) முழுச் செம்பை விடச் சில மடங்கு இருப்பதற்கும் அந்தத் துளைகள்தான் காரணம். ஈர உப்பு அந்தத் துளைகளுக்குள் இறங்கினால் மேலிருந்து மட்டுமா அரிக்கும்? உள்ளிருந்தும் அரிக்கும். முதலில் போவது அந்தக் கழுத்துகள்.

செம்பும் குளோரைடும் சேர்ந்தால் வேலை ஒரு தடவையோடு முடியாது. முதலில் உண்டாகும் செம்புக் குளோரைடு, ஈரத்தையும் ஆக்சிஜனையும் எடுத்துக்கொண்டு பச்சைக் களிம்பாக மாறும்போது ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை வெளியே விடும். அந்த அமிலம் பக்கத்திலிருக்கும் செம்பைத் தின்னும். மறுபடி குளோரைடு, மறுபடி அமிலம். பழைய வெண்கலச் சிலைகளைப் பாதுகாக்கிறவர்களுக்கு இந்த நோய் நன்றாகத் தெரியும். போர்டை நல்ல தண்ணீரில் கழுவிக் காயவைத்துக் கொடுத்தாலும், ஏதாவது ஓர் இடுக்கில் உப்பு மிச்சம் இருந்தால் திரும்பவும் என் மேசைக்கே வந்து சேரும். படகுக்கு வெள்ளீயம் பூசிய செம்புக் கம்பிதான் போட வேண்டும் என்று நாங்கள் அடம்பிடிப்பது இதனால்தான்.

வெள்ளியும் யோக்கியம் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். ஈரமும் வோல்டேஜும் சேர்ந்தால் வெள்ளி ஒரு கோட்டிலிருந்து கரைந்து, எதிர்க்கோட்டிலிருந்து செடி மாதிரிக் கிளைவிட்டு வளர்ந்து இரண்டையும் ஷார்ட் ஆக்கிவிடும். இந்த விஷயத்தில் செம்பு கொஞ்சம் நிதானம். ஆகவே செம்புதான் தோற்கும் என்று முன்கூட்டியே தீர்ப்பு எழுத நான் வரவில்லை. வைத்துப் பார்க்க வேண்டும் என்கிறேன்.

வைத்துப் பார்க்கத்தானே 85 டிகிரி சூடு, 85 சதவீத ஈரப்பதம், 1000 மணி நேரம் என்று சோதனை இருக்கிறது என்பார்கள். அதில் உப்பே கிடையாது. 5 சதவீத உப்புக் கரைசலை 35 டிகிரியில் புகையாகத் தெளிக்கிற சோதனையில் உப்பு உண்டு, ஆனால் பொருள் எப்போதும் நனைந்தபடியே இருக்கும். எங்கள் ஊரில் அப்படி இல்லை. ராத்திரி உப்பு ஈரம் இறங்கும், பகல் வெயிலில் காயும், உப்பு அங்கேயே படியும். அடுத்த ராத்திரி அதுவே ஈரத்தை இழுக்கும். கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் தென்கடல் பக்கத்திலிருந்து மணலும் சேர்ந்து வரும்.

இதற்கு வெளிநாடு போக வேண்டியதில்லை. காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனத்துக்கு எங்கள் பக்கத்து ஊரான மண்டபம் கேம்பிலேயே அரிப்பு ஆய்வு நிலையம் இருக்கிறது. 1914-இல் திறந்த பாம்பன் ரயில் பாலத்தை உப்புக் காற்று என்ன பாடு படுத்தியது என்று ஊருக்கே தெரியும். 2025-இல் திறந்த புதுப் பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் தனிப் பெயின்டும் தேவைப்பட்டன. இரும்புக்குக் காட்டுகிற அந்த அக்கறையில் கொஞ்சம் இந்த மெல்லிய செம்புக்கும் காட்டலாமே. கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் இருக்கிறதே என்று யாராவது கேட்கலாம். சோலார் தகட்டின் கோடுகள் கண்ணாடிக்குள் அடைபட்டவை. அந்தக் கணக்கு வேறு.

செம்பு மை செய்கிற ஆய்வாளர்களிடம் உங்கள் பத்திரிகை வழியாக நான் கேட்பது இதுதான். வெறும் பாதை ஒன்று, வார்னிஷ் பூசியது ஒன்று, வெள்ளீயம் பூசியது ஒன்று, ஒப்பிட வெள்ளிப் பாதை ஒன்று. நான்கையும் பெட் தாளில் அச்சடித்து மண்டபத்தில் மாட்டுங்கள். சும்மா மாட்டினால் போதாது. படகு பேட்டரி மாதிரி 12 வோல்ட் டிசி கொடுத்து வையுங்கள், வோல்டேஜ் இல்லாமல் அரிப்பின் பாதிக் கதை தெரியாது. கச்சான் ஒரு பருவம், வாடை ஒரு பருவம் போகட்டும். முதல் நாள் மின்தடையையும் கடைசி நாள் மின்தடையையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு அறிவியுங்கள். உங்கள் நிருபர் அடுத்த தடவை அவர்களைப் பார்க்கும்போது அந்த இரண்டாவது எண்ணைக் கேட்டு வாங்கி வெளியிட வேண்டும். ஆனி மாதத்துக்குள் மாட்டிவிட்டால் இந்த வருஷக் கச்சானே கிடைக்கும்.

இப்படிக்கு,
படகு எலெக்ட்ரானிக்ஸ் பழுது பார்ப்பவர்,
தங்கச்சிமடம், ராமநாதபுரம் மாவட்டம்