சூப்பர்கம்ப்யூட்டருக்கு ஒரு சுவிட்ச் வையுங்கள்

நாட்டின் சூப்பர்கம்ப்யூட்டர் மையங்களை நடத்தும் பெரியோர்களுக்கு,

வணக்கம். திருநெல்வேலியில் மழை மாடல்களோடு மல்லுக்கட்டும் ஆராய்ச்சி மாணவர்களுக்கு வழிகாட்டுகிறவன் எழுதுகிறேன்.

2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியதும், தாமிரபரணி ஊருக்குள் புகுந்ததும் உங்களுக்குத் தெரியும். அந்த மழையைக் கம்ப்யூட்டரில் மறுபடி பெய்ய வைத்துப் பார்க்க என் மாணவி ஒருத்தி கிளம்பினாள். மலையையும் கடலையும் சின்னச் சின்னக் கட்டமாகப் பிரித்துக் கணக்குப் போட லேப்டாப் தாங்காது. ஒரு மையத்தில் அனுமதி வாங்கினோம். எது என்பது இங்கே வேண்டாம்.

அங்கே பலரும் காத்திருக்கும் வரிசையில் நம் வேலையைப் போட ஒரு ஸ்கிரிப்ட், அதாவது கட்டளைகள் அடங்கிய கோப்பு, எழுத வேண்டும். விண்டோஸ் நோட்பேடில் எழுதி அனுப்பினாள். வாங்க மாட்டேன் என்றது. ஒவ்வொரு வரி முடிவிலும் விண்டோஸ் கண்ணுக்குத் தெரியாத ஒரு எழுத்தை ஒட்டிவிடுகிறது, அந்த மையத்தில் ஓடும் லினக்ஸுக்கு அது ஆகாது. இதைக் கண்டுபிடிக்கவே இரண்டு நாள். அப்புறம் நிரலைக் கம்ப்யூட்டர் மொழிக்கு மாற்றும் கம்பைலர் ஒத்துவரவில்லை, வானிலைத் தரவுக் கோப்புகளைப் படிக்க, எழுத வேண்டிய நெட்சிடிஎஃப் என்ற மென்பொருள் எங்கே கிடக்கிறதென்று தெரியவில்லை. மூன்று வாரம் போயிற்று. அந்த மூன்று வாரமும் அவள் மழையைப் பற்றி ஒரு வரி படிக்கவில்லை.

2015-ல் 4,500 கோடி ரூபாயில் தேசிய சூப்பர்கம்ப்யூட்டிங் திட்டம் வந்தது. அதில் வந்த சூப்பர்கம்ப்யூட்டர்கள்தான் பெங்களூரில் பரம் பிரவேகா, திருச்சியில் பரம் பொருள். பெருமைதான். பரம்பொருளை அடையத் தவம் வேண்டும், சரி, கம்ப்யூட்டருக்குமா? (நாங்கள் தவம் கிடந்தது திருச்சியில் இல்லை.)

பல இடங்களில் உள்ள கம்ப்யூட்டர்களை இணைத்துப் பயன்படுத்துவதுதான் கிரிட் கம்ப்யூட்டிங். 1990-களில் கணினி விஞ்ஞானிகள் இயான் ஃபாஸ்டரும் கார்ல் கெசல்மனும் முன்வைத்த அதற்கு மின்கட்டமைப்பைப் பார்த்துத்தான் அந்தப் பெயர். சுவிட்சைப் போடும்போது இது பாபநாசத்துத் தண்ணீரா, கூடங்குளத்து அணுவா, கயத்தாற்றுக் காற்றா என்று நாம் கேட்பதில்லையே. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் உருவாக்கிய அப்ளிகேஷன் ஹோஸ்டிங் என்விரான்மென்ட் என்ற ஏற்பாடு அந்தச் சுவிட்ச் மாதிரிதான். விவரம் தெரிந்த ஒருவர் கணக்குப் போடும் மென்பொருளை ஒருமுறை நிறுவிச் சரிபார்த்து வைப்பார். விஞ்ஞானி உள்ளீட்டுக் கோப்பைக் கொடுத்து, எத்தனை ப்ராசசர் வேண்டும் என்று சொன்னால் போதும். கோப்பை அனுப்புவதும், வரிசையில் போடுவதும், முடிவைக் கொண்டுவருவதும் அதன் பாடு.

அப்படி ஒரு முகப்பை எல்லா மையத்துக்கும் பொதுவாக, ஒரே கடவுச்சொல்லில் திறக்கும்படி வையுங்கள். முதலில் வானிலையைக் கணக்கிடும் டபிள்யூஆர்எஃப் மாடல் ஒன்றுக்கு மட்டும் செய்தாலும் போதும். கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் கமாண்ட் லைன் கைவந்தவர்கள் அந்த வழியிலேயே வரட்டும், அதை மூடச் சொல்லவில்லை. என் மாணவிக்கு மாஞ்சோலையின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் மனப்பாடம். அதைப் போட ஒரு கட்டம், தேதிக்கு ஒரு கட்டம், கீழே ஒரு பொத்தான். ஐப்பசி மழைக்கு முன்னால் கிடைத்தால் நல்லது.

இப்படிக்கு,
திருநெல்வேலியிலிருந்து ஓர் ஆசிரியர்