மீளாத சோர்வும் மன உறுதியும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வைரஸ் தொற்று நீங்கிய பின்னும் மாதக்கணக்கில் விடாத சோர்வைப் பற்றித் தங்கள் இதழில் வெளிவந்த கட்டுரை, அதற்கு மருந்தாக மன உறுதியையும் உடற்பயிற்சியையும் மட்டுமே சொல்லி முடித்திருந்தது. ஒரு போர்வையை மடித்து வைத்துவிட்டு, மூச்சு வாங்கி அதன் மேலேயே தலை சாய்த்துக் கிடந்த நாட்களைக் கடந்து வந்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். அப்போது எடுத்த பரிசோதனைகள் யாவும் சரியாக இருந்தன. பொய்யில்லை, ஆனால் தேட வேண்டிய காலம் கடந்த பிறகே தேடினோம் என்பது பின்னர்தான் எனக்கு விளங்கியது.

2022 ஜனவரியில் 'செல்' ஆய்விதழில் வெளியான ஓர் ஆய்வு, கொரோனா தொற்றிய இருநூறுக்கும் மேற்பட்டோரை இரண்டு மூன்று மாதங்கள் தொடர்ந்து கவனித்து, நோய் கண்டறியப்பட்ட நேரத்திலேயே காணப்பட்ட நான்கு கூறுகள் பிற்கால உபாதைகளோடு தொடர்புடையவை என்று காட்டியது. இரண்டாம் வகை நீரிழிவு, ரத்தத்தில் கொரோனா வைரஸின் மரபுப்பொருளான ஆர்.என்.ஏ., உடலின் சொந்தத் திசுக்களையோ நோய் எதிர்ப்புப் புரதங்களையோ குறிவைக்கும் சில எதிர்ப்பொருள்கள் (ஆன்டிபாடிகள்) ஆகிய மூன்றோடு, எப்ஸ்டீன்-பார் வைரஸ் ரத்தத்தில் மீண்டும் தலைகாட்டுவதும் அவற்றுள் ஒன்று.

இந்தக் கடைசிக் கூறுதான் என்னை வியக்க வைத்தது. 1964-இல் கண்டறியப்பட்ட இந்த வைரஸ், வயதுவந்தோரில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் தொற்றி, வெள்ளணுக்களுக்குள் ஆயுள் முழுக்க உறங்கிக் கிடக்கிறது. வேறொரு தொற்றின் நெருக்கடியில் அது விழித்துக்கொள்ளக்கூடும். விழித்தது சில வாரங்களில் அடங்கியும் விடுவதால், பிந்திப் போய்ப் பரிசோதிப்பவருக்குத் தடயம் கிடைப்பதில்லை. இதைப் படித்துவிட்டு யாரும் ஆய்வகத்துக்கு ஓட வேண்டாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எப்ஸ்டீன்-பார் எதிர்ப்பொருள் இருப்பதாக வரும் முடிவு பெரும்பாலும் பழைய தொற்றையே காட்டும். மேலே சொன்ன கூறுகளும் ஆபத்தைக் கூட்டுபவையே தவிர, தீர்ப்புகள் அல்ல. நீரிழிவு உள்ளவர்களிலும் பலர் கொரோனாவிலிருந்து முழுமையாகத் தேறிவிடுகிறார்கள்.

கொரோனாவுக்கு வெகு முன்பே, 2006-இல், ஆஸ்திரேலியாவின் டப்போ பகுதி ஆய்வு, தொற்றுக்குப் பின் சோர்வு யாருக்கு நீடிக்கிறது என்ற இதே கேள்வியை எழுப்பியது. எப்ஸ்டீன்-பார், கொசுவால் பரவும் ராஸ் ரிவர் வைரஸ், கால்நடைகளிடமிருந்து தொற்றும் கியூ காய்ச்சல் என மூன்று வெவ்வேறு தொற்றுகளுக்கு ஆளான 253 பேரில் சுமார் 12 சதவீதத்தினரிடம் ஆறு மாதங்களுக்குப் பின்னும் சோர்வு நீடித்தது; அதை முன்கூட்டிக் காட்டியது தொடக்கக் காய்ச்சலின் கடுமையே அன்றி, நோயாளியின் மனநிலை அன்று.

எழுந்து ஓடினால் சரியாகிவிடும் என்ற அறிவுரை பாதிப்பில்லாததும் அல்ல. சிறு உழைப்புக்கே மறுநாள் நிலைமை மோசமாவது இந்நோயாளிகளில் பலருக்குள்ள இயல்பு. நாள்பட்ட சோர்வு நோய்க்குப் படிப்படியாகக் கூட்டும் உடற்பயிற்சியை 2021 அக்டோபரில், பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு தன் வழிகாட்டுதலிலிருந்து நீக்கியது. கட்டுரையின் அந்தப் பகுதிக்கேனும் ஒரு திருத்தம் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்