ஹெப்பாரின் ஊசி போடுபவர்கள் பொட்டாசியத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுத்தால் ரத்தத்தில் பொட்டாசியம் என்ற தாது உப்பு ஏறுமா என்று கடையில் பலர் கேட்கிறீர்கள். எந்த மருந்து என்பதைப் பொறுத்துத்தான் பதில்.

வார்ஃபரின், அபிக்சபான் போன்ற மாத்திரைகள் பொதுவாகப் பொட்டாசியத்தை நேரடியாகத் தொடுவதில்லை. வார்ஃபரினுக்காகக் கவனிக்கச் சொல்வது கீரைகளில் உள்ள வைட்டமின் கே. அது வேறு, பொட்டாசியம் வேறு.

ஹெப்பாரின், எனாக்சாபரின் ஊசிகளின் விஷயம் அப்படியல்ல. சிறுநீரகத்தின் மேல் இருக்கும் அட்ரீனல் சுரப்பி ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. மிஞ்சிய பொட்டாசியம் சிறுநீரில் வெளியேறுவது அதன் தயவால்தான். இந்த ஊசிகள் அந்தச் சுரப்பைக் குறைக்கின்றன. போட ஆரம்பித்த சில நாட்களிலேயே இது தொடங்கிவிடலாம். சிறுநீரகம் நன்றாக வேலை செய்பவர்களுக்குப் பெரும்பாலும் உடலே சமாளித்துக்கொள்ளும். சர்க்கரை நோயோ சிறுநீரகக் கோளாறோ உள்ளவர்களுக்குத்தான் முக்கியமாகப் பொட்டாசியம் தேங்கக்கூடும்.

எங்களுக்கு உண்மையில் கவலை தருவது மருந்துகள் ஒன்றோடொன்று சேர்வது. மூட்டு அறுவை சிகிச்சை முடிந்து வீட்டில் போட எனாக்சாபரின் எழுதுபவர் ஒரு மருத்துவர். ராமிப்ரில், டெல்மிசார்டன் என்று பிரஷர் மாத்திரையோ, இதயத்துக்கு ஸ்பைரனோலாக்டோனோ எழுதியவர் வேறொருவர். இந்த மாத்திரைகளும் பொட்டாசியத்தை ஏற்றக்கூடியவையே. இரண்டு சீட்டும் ஒரே மேசைக்கு வராவிட்டால் யார் கண்ணிலும் படாது. அதனால் ஊசி வாங்க வரும்போது வீட்டில் சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும் கொண்டுவாருங்கள். சோடியம் குறைத்த உப்பு வாங்குபவர்கள் பொட்டலத்தின் பின்புறம் பாருங்கள். பொட்டாசியம் குளோரைடு என்று இருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். மூட்டுவலிக்கு ஐபூப்ரோஃபென் போன்றவற்றை நீங்களாகக் கேட்டு வாங்க வேண்டாம். அவை ரத்தக்கசிவையும் கூட்டும், பொட்டாசியத்தையும் ஏற்றும்.

ரத்தத்தில் பொட்டாசியம் லிட்டருக்கு 3.5 முதல் 5.0 மில்லிமோல் வரை இருப்பது சரியான அளவு. மேலே சொன்ன நோயோ மாத்திரையோ உள்ளவர்கள் ஊசி தொடங்குமுன் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. 7 நாளுக்கு மேல் ஊசி நீடித்தால் இடையிலும் பார்க்க வேண்டும். மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள். ரத்தம் எடுக்கும்போது குழாயிலேயே சிவப்பணுக்கள் உடைந்தால் அளவு பொய்யாகக் கூடிக் காட்டும். எனவே மருத்துவர் மறுபடி ரத்தம் எடுக்கச் சொன்னால் பதற வேண்டாம்.

இதைப் படித்துவிட்டு யாரும் ஊசியை நிறுத்திவிடாதீர்கள். ரத்தக்கட்டு நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. நிறுத்துவதும் மாற்றுவதும் மருத்துவர் முடிவு.

பொட்டாசியம் ஏறுவது பலருக்கு வெளியே தெரியாது. கைகால் சோர்ந்து தூக்க முடியாமல் போனாலோ, நெஞ்சு படபடத்துத் துடிப்பு தப்பினாலோ எங்களைத் தேடி வர வேண்டாம். நேராக மருத்துவமனைக்குப் போங்கள். மருந்துச்சீட்டையும் கையில் எடுத்துச் செல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் மருந்துக்கடையினர்